மீன் கடைசியில் வரட்டும்

வட்டவடை ஒரு மலை ஊர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மூணாற்றில் இருந்து சுமார் 45 கிலோமீட்டர் தூரம். தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மலைச் சரிவில் படிப்படியாக நிலம். அதில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ், வெள்ளைப்பூண்டு எல்லாம் விளைகின்றன.

இந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா, ஒரு சிறுமி. சிறுமிக்கு மீன் வளர்க்க ஆசை. அப்பா ஒரு நாள் மூணாறு போனார். ஒரு கண்ணாடிக் கிண்ணமும் நான்கு மீன்களும் வாங்கி வந்தார். அன்றைக்கே தண்ணீர் ஊற்றினார்கள். அன்றைக்கே மீனை விட்டார்கள். மகள் ஆசையாக மூன்று வேளையும் தீனி போட்டாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது. நான்காம் நாள் ஒரு மீன் மிதந்தது. ஒரு வாரத்தில் கிண்ணம் காலி.

“நமக்கு மீன் ராசி இல்லை” என்றார் அப்பா. மகள் அழுதாள்.

ராசி காரணம் இல்லை. அவசரம்தான் காரணம். கூலிக் காசு போனது. நான்கு உயிரும் போனது. கொஞ்சம் தெரிந்து, கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டும் மிஞ்சி இருக்கும்.

குறைந்த செலவில், செடி வளரும் சிறிய மீன் தொட்டி ஒன்றை எப்படித் திட்டமிடுவது? பார்ப்போம்.

தண்ணீரில் என்ன நடந்தது?

மீன் தின்கிறது. கழிவு விடுகிறது. தின்னாத தீனி அடியில் அழுகுகிறது. இவற்றில் இருந்து அம்மோனியா உண்டாகிறது.

அம்மோனியா நமக்குத் தெரியாதது அல்ல. கழுவாத மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வருமே, அதுதான். தொழுவத்தில் அது காற்றோடு போய்விடும். சின்னக் கிண்ணத்தில் எங்கே போகும்? தண்ணீரிலேயே தங்குகிறது. மீன் செவுளால் சுவாசிக்கிறது. அம்மோனியா அந்தச் செவுளை அரிக்கிறது. மீன் மூச்சு முட்டிச் சாகிறது.

ஆறு, குளங்களில் மட்டும் மீன் எப்படி வாழ்கிறது? அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் அவ்வளவு கேடு இல்லை. அதைச் செடி உணவாக எடுத்துக்கொள்கிறது. நாம் வயலுக்குப் போடும் தழைச்சத்தும் இதுதான்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு இருக்காது. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும்.

இதை அந்த வீட்டு அப்பத்தாவிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

“பச்சைச் சாணியைப் போட்டா செடி கருகிப் போகாதா தாயி? மட்கின சாணியைத்தானே போடுறோம். தொட்டியும் மட்கணும் போல இருக்கு” என்பார்.

அப்பத்தா சொல்வது சரி. தொட்டி முதலில் பக்குவப்பட வேண்டும். மீன் கடைசியில் வர வேண்டும்.

லண்டனில் ஒரு தொட்டி

இது புதிய செய்தி அல்ல. 1849ஆம் ஆண்டு லண்டன் நகரில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்று நீர் ஊற்றினார். மணலும் சேறும் கல்லும் போட்டார். வாலிஸ்னேரியா என்ற நீர்ச் செடியை நட்டார். இரண்டு தங்க மீன்களை விட்டார்.

கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது. உடனே அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். நத்தைகள் அழுகிய இலையைத் தின்றன. தண்ணீர் தெளிந்தது.

செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றுக்கு ஒன்று உதவின. இதை அவர் 1850இல் எழுதி வெளியிட்டார். நுண்ணுயிர்களின் வேலை அப்போது யாருக்கும் தெரியாது. அது பிறகுதான் தெரிய வந்தது.

அவர் நட்ட வாலிஸ்னேரியா நம் நாட்டு நீர்நிலைகளிலும் வளரும் செடிதான். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது.

முதலில் நோட்டு, பிறகு கடை

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுங்கள். மூன்று கட்டம் போடுங்கள்.

முதல் கட்டம்: வாங்க வேண்டியவை.
கண்ணாடித் தொட்டி. காற்று மோட்டார். ஸ்பாஞ்சு பில்டர். எல்.இ.டி. பல்பு. வெப்பமானி. செடி. மீன். தீனி.

இரண்டாம் கட்டம்: வீட்டில் கிடைப்பவை.
உறுதியான மேசை அல்லது திண்ணை. தெர்மோகோல் அட்டை. வாளி. சிறிய ஓஸ். சல்லடை. மண்.

மூன்றாம் கட்டம்: தேவை இல்லாதவை.
வண்ணக் கல். பிளாஸ்டிக் செடி. பொம்மை. உருண்டைக் கிண்ணம்.

முதல் கட்டத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கடையில் விலை கேளுங்கள். எதிரில் எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். கையில் இருக்கும் காசு போதாதா? மீனுக்கு எதிரில் உள்ள விலையை இந்த மாதக் கணக்கில் இருந்து நீக்குங்கள். மீன் எப்படியும் இரண்டு மாதம் கழித்துத்தானே வரப் போகிறது!

பழைய தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. அதை வாசலில் வைத்து நீர் நிரப்புங்கள். இரண்டு நாள் கசியாமல் இருந்தால் வாங்கலாம். பிளாஸ்டிக் டப்பும் உதவும். ஆனால் பூச்சிமருந்து கலக்கிய டப், உர மருந்து வைத்த கேன் இரண்டும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு கொஞ்சம் தங்கி இருக்கும்.

அளவும் எடையும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். தொடங்குவோருக்கு இந்தத் தொட்டி ஏற்றது. விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். ஆனால் அடியில் 2 அங்குலம் மண்ணும் மணலும். மேலே 2 அங்குலம் காலி. ஆகவே தண்ணீர் சுமார் 38 லிட்டர்தான்.

சின்னத் தொட்டி இன்னும் மலிவு இல்லையா? விலை மலிவுதான். ஆனால் தண்ணீர் குறைந்தால் கழிவு சீக்கிரம் கூடும். சூடும் குளிரும் சட்டென்று மாறும். ஒரு குடம் பாலில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விழுவதும், ஒரு டம்ளர் பாலில் விழுவதும் ஒன்றா?

38 லிட்டர் தண்ணீர் 38 கிலோ எடை. மண், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள் எடைக்கு வந்துவிடும். ஆடும் ஸ்டூல் தாங்காது. அடியில் தெர்மோகோல் அட்டை போட்டு, சமமான இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு தொட்டியை நகர்த்தக் கூடாது. கண்ணாடி விரிந்துவிடும்.

மண்ணும் மணலும்

செடிக்கு மண் வேண்டும். கடையில் விற்கும் விலை உயர்ந்த மண் தேவை இல்லை. ஒரு அங்குல உயரத்துக்கு 5 லிட்டர் மண் போதும். அதன் மேல் ஒரு அங்குலம் கழுவிய மணல். மண் கரைந்து தண்ணீரைக் கலக்காமல் மணல் தடுக்கும்.

மண் எங்கே எடுப்பது? வட்டவடையில் இது பெரிய கேள்வி. காய்கறித் தோட்டத்து மண்ணில் உரமும் மருந்தும் விழுந்திருக்கும். சாணி போட்ட மண்ணில் அம்மோனியா கிளம்பும். இரண்டும் மீனுக்கு ஆகாது. மருந்து அடிக்காத, உரம் போடாத இடத்து மண்ணை எடுங்கள். சலித்து, வேர், குச்சி எல்லாம் நீக்குங்கள்.

தண்ணீரும் அப்படியே. வயலைத் தாண்டி வரும் வாய்க்கால் நீர் வேண்டாம். வயலுக்கு மேலே உள்ள ஊற்றில் இருந்து ஓஸில் வரும் நீர் நல்லது. பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் நீர் என்றால், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கல் வைக்க ஆசையா? அதன் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். அது வேண்டாம்.

எந்தச் செடி?

மூன்று செடி போதும்.

வாலிஸ்னேரியா: புல் போல நீளமாக வளரும். வேரை மட்டும் மணலில் புதைக்க வேண்டும். இலை கிளம்பும் இடம் வெளியே தெரிய வேண்டும்.

ஹைட்ரில்லா: பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கும் செடி. ஒடித்து நட்டாலே வளரும். வேகமாக வளர்வதால் கழிவை வேகமாக உறிஞ்சும். அதிகமானால் வெட்டிவிடுங்கள். வெட்டியதை ஓடையில் போட வேண்டாம். எருக்குழியில் போடுங்கள்.

ஜாவா பாசி: இதை நட வேண்டாம். கல்லில் நூலால் கட்டி வைத்தால் போதும்.

தொடக்கத்திலேயே நெருக்கமாக நடுங்கள். செடி குறைவாக இருந்தால் பச்சைப் பாசி முந்திக்கொள்ளும். நாற்று பிடிக்காத இடத்தில் களை முளைப்பது போலத்தான்.

வெளிச்சமும் கரண்டும்

நேர் வெயில் படும் ஜன்னல் வேண்டாம். வெயிலில் பாசி பிடிக்கும். 10 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

ஸ்பாஞ்சு பில்டர் என்பது ஒரு பஞ்சும் குழாயும்தான். காற்று மோட்டார் ஊதும்போது தண்ணீர் பஞ்சின் வழியாகப் போகும். நல்ல நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில் குடி இருக்கும். ஆகவே பஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

மாதக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

10 வாட் பல்பு, தினம் 8 மணி நேரம்: மாதம் 2.4 யூனிட்.
5 வாட் மோட்டார், நாள் முழுவதும்: மாதம் 3.6 யூனிட்.
மொத்தம்: 6 யூனிட்.

மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாக மோட்டாருக்குள் இறங்கும். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள்.

காத்திருக்கும் நாட்கள்

மண் போட்டாயிற்று. செடி நட்டாயிற்று. மோட்டார் ஓடுகிறது. மீன் இல்லை. இந்த நாட்கள்தான் கடினம். “எப்போப்பா மீன் வரும்?” என்று மகள் தினமும் கேட்பாள்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடச் சொல்லுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். அதைத் தின்று நுண்ணுயிர் பெருகும். சமவெளியில் இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிரில் நுண்ணுயிர் மெதுவாகத்தான் பெருகும். வட்டவடையில் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் நோட்டில் ஒரு வேலை இருக்கிறது. தினமும் விடியற்காலையில் வெப்பமானியைப் பாருங்கள். தேதியும் டிகிரியும் எழுதுங்கள். இந்தக் கணக்குதான் எந்த மீன் வாங்கலாம் என்று சொல்லும்.

குளிருக்கு ஏற்ற மீன்

கடையில் பளபளப்பாக இருக்கும் மீன்கள் பல வெப்ப நாட்டு மீன்கள். ஏஞ்சல், ஃபைட்டர், பலவகை டெட்ரா மீன்களுக்கு 24 டிகிரிக்கு மேல் வேண்டும். வட்டவடையின் மார்கழிக் குளிரில் அவை நடுங்கி, நோய் வந்து சாகும். ஹீட்டர் போடலாமே? 50 வாட் ஹீட்டர் தினம் 20 மணி நேரம் எரிந்தால் மாதம் 30 யூனிட். பல்பும் மோட்டாரும் சேர்ந்து தின்பதைப் போல ஐந்து மடங்கு! கரண்ட் போனால் அதுவும் உதவாது.

மீனுக்காக ஊரை மாற்ற முடியாது. ஊருக்கு ஏற்ற மீனைத்தான் தேட வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு மலை நீர்நிலைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது குளிர் நீர் மீன் என்பதால்தான் பிழைத்தது.

சிறிய தொட்டிக்கு இரண்டு மீன்கள் ஏற்றவை.

ஒன்று, ஒயிட் கிளவுட். சீனாவில் வெள்ளை மேக மலை என்று ஒரு மலை உண்டு. அந்த மலை ஓடையில் கண்டெடுத்த மீன் இது. 1932இல் அறிஞர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். விரல் நீளம்கூட வராது. 14 முதல் 22 டிகிரி வரை இதற்குச் சுகம்.

இரண்டு, ஜீப்ரா மீன். நீலக் கோடு போட்ட மீன். இந்தியா, நேபாளம், வங்காளதேச ஓடைகளில் வாழ்வது. 18 டிகிரிக்குக் கீழே போகாத வீட்டுக்கு இது ஏற்றது.

உங்கள் நோட்டில் 18க்குக் கீழே எண்கள் இருந்தால் ஒயிட் கிளவுட் வாங்குங்கள். இல்லை என்றால் இரண்டில் எதுவும் சரி.

தங்க மீன் குளிரைத் தாங்கும். ஆனால் பெரிதாக வளரும். செடியைத் தின்னும். கழிவும் அதிகம். இந்தத் தொட்டிக்கு ஆகாது.

மீன் வரும் நாள்

முதலில் 6 மீன் மட்டும் வாங்குங்கள். இவை கூட்டமாக வாழும் மீன்கள். ஒன்று இரண்டு வாங்கினால் பயந்து ஒளியும். மூன்று வாரம் கழித்து இன்னும் 4 வாங்கலாம். பத்துக்கு மேல் வேண்டாம்.

மீன் இருக்கும் பையைப் பிரிக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றுங்கள். அதன் பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். தொட்டியை வலையால் மூடுங்கள். இந்த மீன்கள் துள்ளும்.

தீனி ஒரு நாளைக்கு ஒரு முறை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரம் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கேடு இல்லை.

வாரம் ஒரு வாளி, அதாவது 10 லிட்டர் தண்ணீரை எடுங்கள். அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அதில் தழைச்சத்து இருக்கிறது. வீட்டு ஓரக் கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள்.

மருந்து அடித்துவிட்டு வந்த கையைத் தொட்டியில் விடாதீர்கள். கொசு மருந்தையும் அந்த அறையில் அடிக்காதீர்கள். நமக்குத் தும்மல் வரும் அளவு மருந்து, மீனின் உயிரையே எடுத்துவிடும்.

ஓடையில் இருப்பது ஓடையில்

“காசு கொடுத்து ஏன் வாங்கணும்? ஓடையில் பிடிச்சா என்ன?” என்று சிலர் கேட்பார்கள்.

ஓடை மீன் வேகமாக ஓடும் குளிர்ந்த நீரில் பழகியது. தொட்டியில் பெரும்பாலும் பிழைக்காது. வட்டவடையைச் சுற்றிப் பாம்பாடும் சோலை, ஆனைமுடிச் சோலை, குறிஞ்சிமலை சரணாலயம் இருக்கின்றன. அங்கே மீன், செடி, எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம்.

மிஸ் கேரளா என்ற மீனின் கதையைக் கேளுங்கள். சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் உள்ள அழகான மீன். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே வாழ்வது. 1865இல் பிரான்சிஸ் டே என்ற அறிஞர் அதைப் பற்றி எழுதினார். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசன் பெயரை அதற்கு வைத்தார். பிற்காலத்தில் வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக ஆற்றில் இருந்து அதை அள்ளினார்கள். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள மீன். கேரள அரசு 2008இல் அதைப் பிடிக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒயிட் கிளவுட் மீனும் பிறந்த மலையில் அருகிப் போனது. கடையில் விற்பவை பண்ணையில் வளர்ந்தவை.

எடுப்பது போலவே விடுவதும் தவறு. வளர்க்க முடியவில்லை என்று தொட்டி மீனை ஓடையில் விடாதீர்கள். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, தென் அமெரிக்காவின் அரபைமா மீன்கூடக் கேரள ஆற்றில் கிடைத்தது.

கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றுதான். கபினி, பவானி, பாம்பாறு. வட்டவடை மலை நீர் பாம்பாற்றில் சேர்கிறது. அது அமராவதியில் சேர்ந்து, பிறகு காவிரியில் கலக்கிறது. இங்கே விடும் ஒரு மீன் அங்கே வரை போகலாம். வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் வேறு வீட்டிலோ கொடுங்கள்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

அந்த வீட்டில் இப்போது இரண்டடித் தொட்டி இருக்கிறது. வாலிஸ்னேரியாவில் புதுக் குருத்து விட்டிருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. வாடை இல்லை. நோட்டில் 56 நாள் கணக்கு இருக்கிறது. பாதி அப்பாவின் கையெழுத்து. பாதி மகளின் கையெழுத்து.

“இப்ப மட்கிருச்சு. போய் மீனு வாங்கிட்டு வா” என்கிறார் அப்பத்தா.

அப்பா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குக் கிளம்புகிறார்.

பதில் எழுதுங்கள்

1. புதுத் தொட்டியில் அன்றைக்கே மீன் விட்டால் ஏன் சாகிறது?
2. மட்கிய சாணிக்கும் பக்குவப்பட்ட தொட்டிக்கும் என்ன ஒற்றுமை?
3. உங்கள் ஊர் ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது? கேட்டு எழுதுங்கள்.
4. உங்கள் வீட்டில் 10 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் எத்தனை யூனிட்? கணக்குப் போடுங்கள்.